ஈரம் வரும், ஈரம் போகவும் வேண்டும்: இங்கிலாந்தின் ஓக் சட்ட வீடுகள் நிற்கும் விதம்

கேள்வி: இங்கிலாந்துக் கிராமங்களில் மரச்சட்டங்கள் வெளியே தெரிய, இடையிடையே வெள்ளைச் சுவரோடு நிற்கும் வீடுகள் 500, 600 ஆண்டு பழையவை என்கிறார்கள். ஓயாமல் மழை பெய்யும் ஊரில் மரமும் மண்ணும் எப்படி இத்தனை காலம் தாங்கின? எப்படிக் கட்டினார்கள்? பழுதானால் என்ன செய்கிறார்கள்?

பதில்:

அந்த வீட்டின் சுவர் எதையும் தாங்குவதில்லை. அதை முதலில் மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதாக விளங்கும். நம் மண் வீட்டில் சுவர் சரிந்தால் கூரையும் கூடவே வரும். அங்கே ஒரு பக்கத்துச் சுவரை முழுக்கப் பெயர்த்தெடுத்தாலும் வீடு அசையாமல் நிற்கும். தூண், உத்தரம், கைமரம் எல்லாம் ஒன்றோடொன்று கோத்த மரக்கூடுதான் வீடு. சுவர் அந்தக் கூட்டின் கண்களை அடைக்கும் நிரப்பு மட்டும். கட்டில் செய்கிற மாதிரி செய்த வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆணியைத் தட்டிக் கழற்றலாம், வேறிடத்தில் மறுபடி பூட்டலாம். கென்ட் மாவட்டத்தின் சிடிங்ஸ்டோன் பகுதியில் இருந்த பேலீஃப் என்ற பண்ணை வீட்டை, நீர்த்தேக்கம் கட்ட இடம் வேண்டியிருந்ததால், 1960களின் கடைசியில் அப்படித்தான் துண்டு துண்டாகக் கழற்றினார்கள். இன்று அது சசெக்ஸில் சிங்கிள்டன் ஊரிலுள்ள திறந்தவெளி அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

உதாரணத்துக்கு ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். கிழக்கு சசெக்ஸில் கக்மியர் ஆற்றோரம் இருக்கும் ஆல்ஃப்ரிஸ்டன் கிராமத்தில், தேவாலயத்தை ஒட்டிய ஓலைக்கூரை வீடு, கிளெர்ஜி ஹவுஸ். வயது ஏறக்குறைய 600. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இடிந்து விழும் நிலையில் கிடந்தது. பழைய கட்டடங்களையும் இயற்கை இடங்களையும் வாங்கிக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு தொடங்கிய மறுவருடம், 1896இல், 10 பவுண்டு கொடுத்து வாங்கியது. அந்த அமைப்பு வாங்கிய முதல் கட்டடமே இதுதான். இன்று 'காட்டேஜ்' என்று அழைத்தாலும், கட்டியபோது இதெல்லாம் ஏழை வீடில்லை. சொந்த நிலம் வைத்துப் பிழைத்த வசதியான குடியானவன் கட்டிக்கொள்ளும் வகை. அந்தக் காலத்துக் கூலிக்காரன் வீடு மிகப்பெரும்பாலும் மண்ணோடு மண்ணாகிவிட்டது. தப்பியதை மட்டும் பார்த்து 'அக்காலத்தில் எல்லாமே உறுதியாகக் கட்டினார்கள்' என்று சொல்வது தவறு.

இந்த அமைப்புக்கு 'வீல்டன் ஹால் ஹவுஸ்', அதாவது வீல்டன் வகைக் கூடம் கொண்ட வீடு என்று பெயர். நடுவில் தரையிலிருந்து கூரை வரை திறந்த ஒரு பெரிய கூடம். இரு பக்கமும் இரண்டு மாடி அறைகள். ஒரு பக்கம் பாலும் பீரும் உணவுப் பண்டமும் வைக்க, மறுபக்கம் வீட்டுக்காரர் புழங்க. மாடி அறைகள் முன்பக்கம் ஒன்றரை அடி அளவில் வெளியே துருத்தி நிற்கும். ஆனால் கூரை ஒன்றே. அதனால் நடுக்கூடத்துக்கு மேல் இறவாரத்து உத்தரம் சுவரை விட்டு விலகி அந்தரத்தில் ஓடும். அதை வளைந்த கைத்தாங்கிகள் இரண்டு பக்கமிருந்தும் பிடித்திருக்கும். தெருவில் நின்று பார்த்தால் நடுப்பகுதி உள்வாங்கியது போலத் தோன்றுவது இதனால்தான். உண்மையில் உள்வாங்கியது எதுவும் இல்லை, ஓரங்கள்தான் வெளியே வந்திருக்கின்றன.

இனி மரக்கூடு. முதலில் ஒரு கல் அடித்தளம், ஓரடியோ இரண்டடியோ உயரம். அதன்மேல் கிடைமட்டமாக ஓக் அடிச்சட்டம். அதன்மேல்தான் தூண்கள். இந்த வரிசை சாதாரணமாகத் தெரியும். ஆனால் வீடு நூறாண்டுகள் தாண்டி நிற்பதற்கு முதல் காரணம் இதுவே. அதற்கு முந்தைய தலைமுறைகள் தூணை நேரே குழிவெட்டி மண்ணில் நட்டார்கள். மண் மட்டத்தில் ஈரமும் காற்றும் சேர்ந்து கிடைப்பதால் பூஞ்சைக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. ஓக் மரமே ஆனாலும் சில பத்தாண்டுகளில் அடி மக்கிப்போகும். 13ஆம் நூற்றாண்டை ஒட்டித் தூண் கல்மேல் ஏறியது, அதற்குப் பிறகு கட்டியவைதான் நமக்கு மிஞ்சின.

தூண்களைத் தலைகீழாக நிறுத்தினார்கள். மரத்தின் வேர்ப்பக்கம் மேலே, கிளைப்பக்கம் கீழே. காரணம் தூணின் உச்சியில் இருக்கிறது. அங்கே சுவரோடு ஓடும் உத்தரமும், வீட்டைக் குறுக்கே கட்டும் விட்டமும், தூணும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. மூன்றுக்கும் துளையும், துளைக்குள் நுழையும் நாக்கான கழுந்தும் வெட்ட நிறைய மரம் வேண்டும். அடிமரம் இயல்பாகவே பருத்து விரிந்திருப்பதால் அந்தப் பருத்த பகுதியை மேலே வைத்தார்கள். தூணின் தலையில் இரண்டு கழுந்து, படிபோல ஒன்று தாழ்ந்தும் ஒன்று உயர்ந்தும். தாழ்ந்தது சுவர் உத்தரத்துக்குள் போகும், உயர்ந்தது விட்டத்துக்குள் போகும். விட்டத்தின் அடியில் புறாவால் வடிவில் செதுக்கி அதைச் சுவர் உத்தரத்தின்மேல் அமர்த்துவார்கள். கைமரங்கள் கூரைப் பாரத்தால் சுவர் உத்தரத்தை வெளியே தள்ளப் பார்க்கும். புறாவால் பூட்டு அதைப் பிடித்து நிறுத்தும். இறவாரம் ஒழுகி விட்டத்தின் நுனி மக்கிப் போனால் முதலில் விட்டுப்போவது இந்தப் பூட்டுதான். அப்போது சுவர் வெளியே சாயும், கூரை நடுவில் இறங்கும். கூரை குழிவாகத் தெரிகிறதே என்று முகட்டைப் பார்க்காதீர்கள், இறவாரத்தடியில் போய்ப் பாருங்கள்.

முகட்டில் இன்னொரு வியப்பு. நாம் முகட்டு வளை போட்டு அதன்மேல் கைமரங்களைச் சாய்ப்போம். தென்கிழக்கு இங்கிலாந்தின் இந்த வகைக் கூரையில் முகட்டு வளையே கிடையாது. கைமரங்கள் ஜோடி ஜோடியாக உச்சியில் ஒன்றுக்குள் ஒன்று கோத்து மர ஆணி அடித்து நிற்கும். விட்டத்தின் நடுவில் ஒரு குட்டைத் தூண். அதன் தலையில் வீட்டின் நீளவாக்கில் ஒரு சட்டம் ஓடும். ஒவ்வொரு கைமர ஜோடியையும் பாதி உயரத்தில் இணைக்கும் குறுக்குக்கட்டை அந்தச் சட்டத்தின்மேல் உட்காரும். குட்டைத் தூணிலிருந்து நாலு பக்கமும் வளைந்த தாங்கிகள் பிரியும். நீளவாக்கில் போகும் இரண்டும் இல்லாவிட்டால் கைமரங்கள் எல்லாம் அடுக்கி நிறுத்திய சீட்டுக்கட்டு போல ஒரே பக்கம் சாயும். பரணில் இடம் வேண்டும் என்று பிற்காலத்தில் யாராவது அறுத்தெடுப்பது பெரும்பாலும் இந்தத் தாங்கிகளைத்தான்.

மரத்தைப் பற்றி. ஓக்கைக் காய வைத்து எடுக்கவில்லை. வெட்டிய சில மாதங்களுக்குள் பச்சையாகவே கோடாலியாலும் வாய்ச்சியாலும் சதுரித்துப் பயன்படுத்தினார்கள். காய்ந்த ஓக் கையுளிக்கு இரும்பு மாதிரி. மேலும் கனத்த மரம் உள்வரை காய ஓர் அங்குலப் பருமனுக்கு ஓராண்டு என்பது கணக்கு. எட்டு அங்குலத் தூணுக்கு யார் காத்திருப்பார்? பெரிய மரங்களும் தேவைப்படவில்லை. அளவான இளமரமாகப் பார்த்து ஒரு மரத்துக்கு ஒரு தூண் என்ற கணக்கில் வெட்டினார்கள். மூலைகளில் வெளிறு, அதாவது பட்டையை அடுத்த மென்மரம், ஒட்டியே இருக்கும். அந்த வெளிற்றைப் புழு தின்றுவிடும், வைரம் எனும் உள்மரத்தை அவ்வளவு எளிதில் தொடாது. ஒரு சட்டத்தின் ஓரம் சல்லடையாகத் துளைத்திருப்பதைக் கண்டு பயந்து முழுச் சட்டத்தையும் மாற்றுவது அநாவசியம். ஒரு சிறு உளியால் குத்திப் பாருங்கள். அரை அங்குலத்துக்குள் கல் போல நின்றால் அதை விட்டுவிடலாம்.

பச்சை மரம் காயும்போது சுருங்கும். நீளத்தில் ஏறக்குறைய ஒன்றுமில்லை, அகலத்தில்தான் எல்லாம். 10 அங்குல அகலச் சட்டம் சுமார் அரை அங்குலம் குறையும். வளையும், முறுக்கும், நீளவாக்கில் வெடிக்கும். இந்தக் குணத்தை எதிர்த்துப் போராடாமல் மூட்டை இறுக்குவதற்கே தச்சர்கள் பயன்படுத்திக்கொண்டார்கள்.

மூட்டு வேலையைக் கிட்டே போய்ப் பார்ப்போம். ஒன்றரை முதல் இரண்டு அங்குல அகலத்தில் துளை வெட்டுவார்கள். துளையின் இரு கன்னங்களையும் ஊடுருவி, முக்கால் அங்குலமோ ஓர் அங்குலமோ வட்டத் துரப்பணம். பிறகு கழுந்தைச் செருகித் துரப்பணக் கூரால் அதன்மேல் நடுப்புள்ளி குறித்து வெளியே எடுப்பார்கள். கழுந்தில் துளையிடுவது அந்தப் புள்ளியில் அல்ல. கழுந்து தொடங்கும் இடமான தோள்பக்கமாக எட்டில் ஓர் அங்குலம், அதாவது 3 மில்லிமீட்டர் தள்ளி. இப்போது மறுபடி செருகினால் துளைகள் நேர்கோட்டில் இருக்காது. நுனி கூரான மர ஆணியை அடிக்கும்போது அது வளைந்து நெளிந்து போய்க் கழுந்தைத் துளைக்குள் இழுத்து, தோளோடு தோள் சேர்த்துவிடும். கவ்வியோ பசையோ வேண்டாம். ஆணியை ரம்பத்தால் அறுக்கக் கூடாது, காய்ந்த ஓக் வைரத்தைப் பிளந்தே செய்ய வேண்டும். பிளந்தால் நார் இந்த நுனியிலிருந்து அந்த நுனி வரை அறுபடாமல் ஓடும், அறுத்தால் பாதியில் வெட்டுப்பட்டு, வளையும்போது ஒடியும். தள்ளல் அதிகமானால் கழுந்தின் நுனி பிளந்து தெறிக்கும், குறைந்தால் மரம் காய்ந்தபின் மூட்டில் இடைவெளி தெரியும். ஆணித்தலையை மட்டமாக வெட்டாமல் சற்று நீட்டியே விடுவது பழக்கம். சில ஆண்டு கழித்து இன்னும் இரண்டு தட்டு தட்ட உதவும்.

இரும்பாணி ஏன் இல்லை? விலை ஒரு காரணம். ஓக்கிலுள்ள டானின் இன்னொன்று. ஈரத்தோடு சேர்ந்தால் அது இரும்பை அரிக்கும், மரத்தையும் நீலக்கறுப்பாகக் கறையாக்கும். இன்றைக்கும் பழுதுபார்க்கும்போது சாதா இரும்பு போல்ட்டு போடாமல் துருப்பிடிக்காத எஃகு போடுவது இதனால்தான்.

ஒவ்வொரு மூட்டும் அந்த இரண்டு மரங்களுக்கு மட்டுமே பொருந்தும்படி வெட்டப்பட்டது. தச்சர் களத்தில் மொத்தச் சட்டத்தையும் தரையில் படுக்கவைத்துப் பொருத்திப் பார்த்து, எண் வெட்டி, கழற்றி, வண்டியில் ஏற்றி இடத்துக்குக் கொண்டுபோய்த் தூக்கி நிறுத்துவார்கள். எண்கள் ரோமன் எழுத்து, உளியால் நேர்கோடு வெட்டுவது எளிது என்பதால். நாலு என்பதை நாலு கோடாகவே போடுவார்கள். மூட்டின் இரு பக்கமும் ஒரே எண் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த மரம் கட்டிய நாளிலிருந்து அங்கேயே நிற்கிறது. எண் பொருந்தாமல், காலியான துளைகளோடு ஒரு சட்டம் இருந்தால் வேறு வீட்டிலிருந்து எடுத்துப் போட்டது. 'உடைந்த கப்பலின் மரம்' என்று ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். கடலே காணாத உள்நாட்டுக் கிராமத்திலும் சொல்வார்கள்! காலித் துளைகளுக்குப் பெரும்பாலும் காரணம் கப்பல் அல்ல, முந்தைய வீடு.

சுவர் நம்முடைய வரிச்சுச் சுவரின் ஒன்றுவிட்ட சகோதரன். மேல்சட்டத்தின் அடியில் ஓரடிக்கு ஒன்றாகத் துளைகள், கீழ்ச்சட்டத்தின் மேல் நீளமாக ஒரு காடி, அதாவது பள்ளம். பிளந்த ஓக் குச்சியின் ஒரு நுனியைத் துளையில் ஏற்றி, மறுநுனியைக் காடியில் தட்டி நகர்த்தினால் இறுகி நிற்கும். குறுக்கே கட்டைவிரல் பருமனில், ஹேசல் என்ற குறுமரத்தின் கம்புகளைக் கூடை பின்னுவது போலப் பின்னுவார்கள். மேல்மண்ணை ஒதுக்கிவிட்டு அடியிலுள்ள களிமண்ணை எடுத்து, நறுக்கிய வைக்கோலும் கொஞ்சம் மாட்டுச் சாணமும் சேர்த்து மிதித்துப் பதமாக்குவார்கள். இருவர் சுவருக்கு இருபுறமும் எதிரெதிரே நின்று ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் அறைய வேண்டும். அப்போதுதான் இரண்டு பக்க மண்ணும் கம்புகளுக்கு இடையில் சந்தித்துக் கவ்வும். ஒரு பக்கம் காய்ந்தபிறகு மறுபக்கம் அறைந்தால் இரண்டு தனித்தனிப் பலகையாகப் பெயர்ந்து விழும்.

கலவைக்கு எல்லா ஊருக்கும் பொருந்தும் விகிதம் இல்லை, மண்ணுக்கு மண் மாறும். களி மிஞ்சினால் பாளம் பாளமாக வெடிக்கும், மணல் மிஞ்சினால் உதிரும். உருண்டை பிடித்து இடுப்பு உயரத்திலிருந்து போட்டால் தட்டையாகி ஒட்டிக்கொள்ளாமலும், சிதறாமலும் இருக்க வேண்டும். அதோடு நிற்காமல் ஒரு சின்னச் சட்டத்தில் பூசிக் காயவிட்டுப் பார்த்துவிட்டு வீட்டில் கைவைப்பது நல்லது. காய்ந்ததும் சட்டத்தை ஒட்டி நாற்புறமும் மயிரிழை இடைவெளி விழும், அது குற்றமில்லை. அதைச் சுண்ணாம்புச் சாந்தால் அடைத்து, விலங்கு முடி கலந்த சுண்ணாம்புப் பூச்சு ஒன்று, அதன்மேல் பாலைப் போல நீர்த்த சுண்ணாம்பு நாலைந்து கை. ஒவ்வொரு முறையும் சுவரை நனைத்துவிட்டு அடிக்க வேண்டும். பூச்சு மரத்தோடு மட்டமாக இருக்க வேண்டும். துருத்தினால் மேல்விளிம்பில் தண்ணீர் தேங்கும், உள்வாங்கினால் கீழ்ச்சட்டத்தின் மேல் தேங்கும்.

ஆல்ஃப்ரிஸ்டன் கூடத்தின் தரை தனி விசேஷம். சுற்றுவட்டாரத்து மென்மையான வெள்ளைச் சுண்ணாம்புப் பாறையைப் பொடித்துக் கெட்டித்து, புளித்த பால் ஊற்றி மெழுகியது. பாலிலுள்ள புரதம் பசையாகிப் புழுதி கிளம்பாமல் பிடித்துக்கொள்கிறது. நாம் சாணத்தால் செய்ததை அவர்கள் பாலால் செய்தார்கள்.

கூரையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கோதுமைத் தாளோ நாணலோ, எதுவானாலும் சரிவு 45 பாகைக்குக் குறையக்கூடாது, 50 என்றால் நல்லது. மழைநீர் மேல் ஓரிரு அங்குலத்தை மட்டும் நனைத்து வழிந்துவிட வேண்டும். சரிவு குறைந்தால் ஆழமாக இறங்கி மக்கும். நல்ல நாணல் வேய்ச்சல் 40 ஆண்டுக்கு மேலும் வரும், நீள வைக்கோல் அதில் பாதிதான், முகட்டை மட்டும் 10, 15 ஆண்டுக்கொருமுறை மாற்ற வேண்டும். பழைய அடுக்கைப் பிரிக்காமல் அதன்மேலேயே வேய்வதால், டெவன் பகுதியில் சில வீடுகளில் மிக அடியில் இடைக்காலத்து வைக்கோல், கரி படிந்தபடி இன்னும் இருக்கிறது. கரி எப்படி? அப்போது புகைபோக்கி இல்லை. கூடத்தின் நடுவே தரையில் தீ எரியும், புகை கூரைக்குள் ஏறிக் கசியும். 16ஆம் நூற்றாண்டில் செங்கல் புகைபோக்கி பரவியபிறகுதான் கூடத்துக்கு நடுவே தளம் போட்டு மாடியாக்கினார்கள். ஆல்ஃப்ரிஸ்டனில் கூடம் மறுபடி திறந்து கிடப்பதால் பழைய உயரத்தை இன்றும் பார்க்க முடிகிறது. மற்ற வீடுகளில் பரணில் விளக்கடித்துக் கைமரம் கறுத்திருக்கிறதா என்று பார்த்தால் போதும், கூடமாக இருந்ததா என்பது தெரிந்துவிடும். அதேபோல ஒரு மேல்சட்டத்தின் அடியில் சாய்சதுரத் துளைகள் வரிசையாக இருந்தால் அங்கே கண்ணாடி இல்லாத பழைய சன்னல் இருந்தது. மூலை முன்னே வரும்படி நிறுத்திய கம்பிக் கட்டைகளின் தடம் அது.

இப்போது கேள்வியின் கடைசிப் பகுதி. இந்த வீடுகளுக்குள் மழை புகுந்துகொண்டேதான் இருந்தது. ஓக் சுருங்கிய இடைவெளி வழியாக, வெடிப்பு வழியாக, காற்றோடு சாரலாக. ஆனால் மண்ணும் சுண்ணாம்பும் ஈரத்தை உறிஞ்சி, வெயில் வந்ததும் திருப்பி விட்டுவிடும். பல நூறு ஆண்டு மழை கெடுக்காததை 20ஆம் நூற்றாண்டின் சிமென்ட் சில பத்தாண்டில் கெடுத்தது. மண்ணை இடித்துத் தள்ளிவிட்டு, கம்பி வலை அடித்துச் சிமென்ட் பூசினார்கள். சிமென்ட் அசையாது, ஓக் அசையும். ஓரத்தில் முடி அளவு கீறல் விழும், அதன் வழியே தண்ணீர் உள்ளே போகும், வெளியே வர வழியில்லை. சுவருக்குப் பின்னாலேயே வழிந்து இறங்கி அடிச்சட்டத்தின் காடியில் தேங்கும். வெளியிலிருந்து பார்த்தால் சுவர் பளிச்சென்று இருக்கும், கீழே சட்டம் பிட்டு மாதிரி உதிரும். பிளாஸ்டிக் பெயின்ட், வெடிப்பை அடைக்கும் மக்கு, உட்புறம் நுரைப்பலகை எல்லாம் செய்வது இதே வேலையைத்தான்.

மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கு மேல் தொடர்ந்து நின்றால் பூஞ்சை வரும். பூஞ்சை மெத்தாக்கிய ஓக்கைத் தேடி டெத்வாட்ச் வண்டு வரும். வசந்த காலத்தில் தலையை மரத்தில் மோதித் தட்டும் சத்தம் கேட்கும், வெளியேறிய துளை 3 மில்லிமீட்டர் இருக்கும். இதன் புழு பத்தாண்டுகூட மரத்துக்குள்ளேயே கிடக்கும், மேலே தெளிக்கும் மருந்து அங்கே எட்டாது. ஒழுகலை நிறுத்தி மரத்தைக் காய வைப்பதுதான் வைத்தியம்.

அடிச்சட்டம் மக்க இன்னொரு காரணம் வெளியே இருக்கிறது. சாலை, பூச்செடி, மண் என்று வெளித்தரை நூற்றாண்டுகளில் உயர்ந்து கல் அடித்தளத்தை விழுங்கிவிடும். அப்போது முதல் வேலை தச்சு அல்ல, மண்வெட்டி. தரையைக் கல்லுக்குக் கீழே இறக்கிவிட்டு, பிறகுதான் மரம். தூண்களை மேலே தாங்கிக் கம்பங்களில் ஏற்றிப் பிடித்துக்கொண்டு, அடிச்சட்டத்தைச் சிறு சிறு நீளமாக மாற்றுவார்கள். தூணின் அடி மட்டும் போயிருந்தால் மக்கிய அளவை வெட்டிவிட்டுப் புது ஓக்கை ஒட்டுமூட்டில் சேர்ப்பார்கள். மூட்டின் நீளம் மரத்தின் பருமனைப் போல மூன்று மடங்கு, எட்டு அங்குலத் தூணுக்கு இரண்டடி. ஒட்டுக்குப் பச்சை மரம் ஆகாது. பழைய மரம் சுருங்கி முடிந்துவிட்டது, புதியது சுருங்கினால் மூட்டு விலகும். காற்றில் காய்ந்த ஓக்கே வேண்டும். வேலை நடக்கும்போது சாய்ந்த வீட்டை ஜாக்கி வைத்து நிமிர்த்தும் ஆசை வரும். வேண்டாம். அந்தச் சாய்விலேயே மூட்டுகள் பல நூறாண்டுக்கு முன் அமர்ந்துவிட்டன, நிமிர்த்தினால் நன்றாக இருக்கும் கழுந்துகளும் உடையும்.

கறுப்பு வெள்ளை நிறமும் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டு மோகம். தென்கிழக்கில் ஓக்கைச் சும்மா விட்டு வெள்ளிச் சாம்பல் நிறமாக்கினார்கள், அல்லது மரம் சுவர் இரண்டின்மேலும் சேர்த்தே சுண்ணாம்பு அடித்தார்கள். கறுப்பு வேண்டாம் என்று முடிவு செய்தாலும் மணல் பீச்சி உரிக்கக் கூடாது. வாய்ச்சி வெட்டிய தடமும், தச்சர் எண்ணும் அதோடு போய்விடும். பாதுகாக்க வேண்டியது என்று அரசு பட்டியலிட்ட கட்டடமாக இருந்தால், பெரும்பாலானவை அப்படித்தான், முன் அனுமதி இல்லாமல் இப்படிக் கைவைப்பது அங்கே குற்றம்.

இப்படி ஒரு வீட்டைச் சோதிக்க நேர்ந்தால் நல்ல மழை பெய்யும் நாளில் போங்கள். இறவாரத்திலிருந்து விழும் நீர் எங்கே தெறிக்கிறது, அடிச்சட்டத்தில் எந்த இடம் கறுத்து நனைகிறது என்று குறித்துக்கொண்டு, இரண்டு வெயில் நாள் கழித்து அதே இடத்தை மறுபடி தொட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் விட்டுவிடுங்கள். இன்னும் ஈரமாக இருக்கும் இடத்தில் சுவர்ப்பூச்சைச் சுரண்டினால் உள்ளே பெரும்பாலும் சிமென்ட்தான் இருக்கும்.